காற்றூட்டு பொறிகளின் இரைச்சலைக் கணித்தலும் தணித்தலும்

கட்டடங்களுள்ளே பொறிகளாற் காற்றையூட்டிக் குளிர்வித்தல் இக்காலத்து நூல்நிலையங்களிலும் விரிவுரை மண்டபங்களிலும் வழக்கமாகிவிட்டது. வெப்பம் தணிந்தது, ஆயின், அதனிடத்தில் இரைச்சல் குடிபுகுந்தது. ஆசிரியர் கூறியது 'தலை'யோ 'தழை'யோ எனப் பின்வரிசை மாணவன் திகைப்பானாயின், மண்டபம் குளிர்ந்திருந்தும் பயனென்னை? பாடம் நிகழும் வேளையில் வகுப்பறையின் பின்னணியொலி 35 தெசிபெல்லுக்கு மேற்படலாகாதென உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகின்றது. இரைச்சல் எவ்வளவாகுமென்பதைப் பொறியைப் பொருத்துமுன்னரே கணித்தறியலாம். பொருத்தியபின் வருந்துவதே பெருவழக்காயுள்ளது.

ஒலியளவைக் கூட்டுதல் சாதாரணக் கணக்கன்று. தெசிபெல் மடக்கை முறைக்கமைந்த அலகாதலின், தனித்தனி 80 தெசிபெல் ஒலிக்கும் இரு விசிறிகள் ஒருங்கே சுழலின் 160 ஆகாது, 83 ஆகும். செவியும் எல்லாச் சுருதிகளையும் ஒருபடித்தாய்க் கொள்வதில்லை. அமெரிக்க ஒலியியலறிஞர் லியோ பெரனெக் 1957இல் வகுத்த இரைச்சல் வரைகோடுகள் இதனை நன்கு காட்டும். வகுப்பறை போன்ற இடங்களுக்குப் பொருந்தும் 30ஆம் இலக்கக் கோட்டில், செக்கனுக்கு 63 அதிர்வுள்ள தாழ்ந்த முழக்கத்துக்கு 57 தெசிபெல்வரை இடமுண்டு. 1000 அதிர்வுள்ள ஒலிக்கோ 31 மட்டுமே. ஆகவே, ஒவ்வொரு சுருதிப் பட்டைக்கும் தனித்தனியே கணக்கிடல் வேண்டும்.

கணிக்கும் முறை, வழிப்போக்கனின் கைப்பொருள் வழிநெடுகச் செலவாவதைக் கணக்கெடுப்பது போன்றது. 250 அதிர்வுப் பட்டையில் விசிறியின் ஒலிவலு 80 தெசிபெல் என்க. தகட்டுக் குழாயின் சுவர்களும் வளைவுகளும் அதில் 12ஐ உண்ணும் எனக் கொள்வோம். நான்கு அறைகளுக்கு நான்கு சமகிளைகளாய்க் குழாய் பிரிதலால் மேலும் 6 குறையும். எஞ்சிய 62, காற்று வெளிப்படும் கிராதி வழியே அறையிற் புகும். ஒலியை ஓரளவு உறிஞ்சும் சிறிய அறையில், கிராதிக்கு 2 மீற்றர் அப்பால் இருப்பவன் கேட்பது இதனிலும் ஏறக்குறைய 8 குறைவு, அதாவது 54. மேற்கூறிய கோடு இப்பட்டைக்கு விதிக்கும் எல்லை 41. மிகுதியாகிய 13ஏ தணிக்கப்படவேண்டியது. இதனை அறியாது குழாய் முழுவதற்கும் போர்வையிடுதல் பணவிரயம்.

தணிக்கும் வழிகளுள் முதன்மையானது மூலத்திலேயே அடக்குதல். விசிறியின் சுழற்சிவேகத்தை ஐந்திலொரு பங்கு குறைப்பின், ஒலிவலு சுமார் 5 தெசிபெல் தாழும். அது கொள்ளும் மின்வலுவும் ஏறக்குறையப் பாதியாகும். காற்றும் ஐந்திலொரு பங்கு குறையுமே எனின், உண்மை. அதனாலன்றோ தொடக்கத்திலேயே அகன்ற குழாய்கள் வேண்டுமென்பது! தடை குறையின் மெதுவாய்ச் சுழலும் விசிறியே போதும். ஒடுங்கிய குழாயாற் கட்டுநர் மிச்சம்பிடித்த பணத்தைப் பின்னர் மாணவர் தம் செவியாற் செலுத்துகின்றனர்.

எஞ்சியதற்குக் கண்ணாடி நாராலாகிய உட்போர்வை உதவும். 25 மில்லிமீற்றர் தடிப்புள்ள போர்வை உயர்ந்த சுருதிகளை நன்கு விழுங்கும். 63 அதிர்வு முழக்கத்தின் அலைநீளமோ 5 மீற்றருக்கும் மேலாதலின், மெல்லிய போர்வை அதற்கு ஒரு பொருட்டன்று. அம்முழக்கத்தில் ஒரு பகுதி காற்றுவழி வாராது, தளத்தின் வழியும் சுவரின் வழியும் அதிர்வாய் வருவது. பொறியைச் சுருள்விற்களின்மீது இருத்தி, விசிறிக்கும் குழாய்க்குமிடையே கித்தான் இணைப்பு வைப்பின் அப்பகுதி அடங்கும்.

இவையனைத்தும் செய்தபின்னும் சீறல் கேட்பின், கிராதியை நோக்குக. அதன் பின்னேயுள்ள கட்டுப்பாட்டுத் தகட்டைப் பாதி மூடிவைப்பின் அவ்விடத்திலேயே புதிய ஒலி பிறக்கும். காற்றின் வேகம் இருமடங்காயின் அவ்வொலி 15 தெசிபெல் அளவுக்கோ அதற்கு மேலோ உயரும். உட்போர்வையைக் கடந்தபின் பிறப்பதாதலின் அதனை இடையில் அடக்குவது எதுவுமில்லை. தகட்டைக் கிளைக்குழாயின் தொடக்கத்துக்கு நகர்த்தி, அகன்ற கிராதியைப் பொருத்துதலே அதற்கு மருந்து.