கூடிப் பார்த்த காலம்: தொடக்ககாலத் தொலைக்காட்சி குறித்த குழந்தைமை நினைவுகளும் அவற்றின் சான்று மதிப்பும்

முன்னுரை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அன்று பத்து வயதினராக இருந்தோர் இன்று அறுபது வயதை எட்டியுள்ளனர். தெருவும் பள்ளியும் திருவிழாவும் போலவே தொலைக்காட்சியும் அவர்தம் குழந்தைமை நினைவுகளில் நிலையான இடம் பெற்றுள்ளது. ‘ஒளியும் ஒலியும்’, ‘வயலும் வாழ்வும்’, ‘எதிரொலி’, செவ்வாய்க்கிழமை நாடகம், ஞாயிறு மாலைத் திரைப்படம் ஆகியன இந்நினைவுகளில் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. இவற்றைத் தனிமனித ஏக்கங்கள் எனக் கருதி ஆய்வுலகம் பெரிதும் ஒதுக்கி வந்துள்ளது. இந்நினைவுகள் உண்மையில் எதனை நினைவுகூர்கின்றன, பண்பாட்டு வரலாற்றுக்கு அவை எவ்வகையில் சான்றாகும், அவற்றைப் பயன்கொள்வோர் எவற்றில் விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நினைவேக்கம்: சொல்லும் மரபும்

கடந்த காலத்தை எண்ணி ஏங்கும் உணர்வைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் நாஸ்டால்ஜியா என்னும் சொல் மருத்துவத் துறையில் பிறந்தது. யோகன்னசு ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் 1688-இல் தம் ஆய்வேட்டில், தாயகத்தைப் பிரிந்து வாழ்வோரைப் பற்றும் நோய்க்குப் பெயராக அதனை ஆக்கினார். வீடு திரும்புதல், துன்பம் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. இடத்தைப் பிரிந்த துயரைக் குறித்த அச்சொல், காலத்தைப் பிரிந்த துயரைக் குறிப்பதாகப் பின்னர் மாறியது. தமிழில் இவ்வுணர்வை நினைவேக்கம் என்கிறோம். ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொ. தம் இளமைக்கால நினைவுகளுக்கு இட்ட ‘நனவிடை தோய்தல்’ என்னும் தொடரும் இப்பொருளில் வழங்குகிறது.

சொல் புதிதாயினும் உணர்வு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ‘நினைதல்’ என்பதனை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. புறநானூற்றின் 243-ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் தம் இளமையை எண்ணி இரங்குகிறார். மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதும், தோழியருடன் கைகோத்து ஆடியதும், மருதமரத்துக் கிளையிலிருந்து கரையில் நின்றோர் வியக்க ஆழ்நீரிற் குதித்து அடிமணலை அள்ளி வந்ததும் அவர் நினைவில் எழுகின்றன. ஊன்றுகோலும் இருமலுமாகிய முதுமை, அப்பொழுது எங்கே போயிற்று என வினவுகிறது. இங்கு நினைக்கப்படுவது குளம் மட்டுமன்று. உடன் ஆடியோரும் கரையில் நின்று வியந்தோரும் சேர்ந்தே நினைக்கப்படுகின்றனர். நினைவு கூட்டத்தின் சட்டகத்திற்குள்ளேயே இயங்குகிறது என 1925-இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிசு ஹால்பவாக்சு நிறுவிய கருத்துக்கு இப்பாடல் ஓர் இலக்கியச் சான்றாக அமைகிறது. தொலைக்காட்சி நினைவுகளையும் இந்நோக்கிலேயே அணுகுதல் பொருந்தும்.

காத்திருத்தல் என்னும் கூறு

தொடக்ககாலத் தொலைக்காட்சி ஒற்றை அலைவரிசையாக இருந்தது. ஒளிபரப்பு மாலையில் சில மணி நேரமே நிகழ்ந்தது. பார்ப்போர்க்கு அலைவரிசையைத் தெரிவு செய்யும் உரிமை இல்லை. பெட்டியை அணைக்கும் உரிமை மட்டுமே உண்டு. எனவே கிழமைகளே நிகழ்ச்சிகளின் பெயர்களாயின. வெள்ளி என்றால் ‘ஒளியும் ஒலியும்’. செவ்வாய் என்றால் நாடகம். ஞாயிறு என்றால் திரைப்படம். வெள்ளிக்கிழமை ஒளிபரப்பாகும் சில திரைப்பாடல்களுக்காக ஆறு நாள்கள் காத்திருந்த குழந்தைக்கு அக்காத்திருப்பும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியே ஆகும். இடையே மின்சாரம் தடைப்பட்டால் அந்த வாரத்துப் பாடல்கள் மீளக் கிடைப்பதில்லை. நினைவுகளில் மின்தடை இத்துணை அழுத்தமாக இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

மேலும், விரும்பாத நிகழ்ச்சிகளும் விரும்பியவற்றுக்கு இணையாக நினைவில் நிற்பது கருதத்தக்கது. உழவர்க்கு உரம், விதை, பூச்சிக்கட்டுப்பாடு பற்றி அறிவுறுத்திய ‘வயலும் வாழ்வும்’ குழந்தைகளுக்கென ஆக்கப்பட்டதன்று. ஆயினும் அடுத்த நிகழ்ச்சிக்கு இடம்பிடித்து அமர்ந்திருந்த குழந்தைகள் அதனையும் பார்த்தனர். நகரத்துப் பிள்ளைகளும் நெற்பயிரின் நோய்களைக் கேட்டறிந்தனர். நேயர் கடிதங்களுக்கு விடையளித்த ‘எதிரொலி’யும் இத்தகையதே. விருப்பத்திற்கேற்பவே காட்சிகள் வந்தடையும் இக்காலத்தில் அவ்வாறான தற்செயல் அறிவு அரிதாகிவிட்டது. ஆகவே, ‘விருப்ப நிகழ்ச்சி’ எனப் பிற்காலத்தார் நினைவுகூர்வது நிகழ்ச்சியின் தரத்தை மட்டும் பொறுத்ததன்று. அது அருமைப்பாட்டினாலும் காத்திருப்பினாலும் விளைந்தது என்று கொள்ளலாம்.

கூடமும் சன்னலும்

சாலிடேர், டயனோரா முதலிய பெட்டிகள், பலவும் மரக்கதவு பூட்டப்பெற்றவை, தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகளில் மட்டுமே இருந்தன. பிறர் அவ்வீடுகளுக்குச் சென்று பார்த்தனர். பெரியோர் நாற்காலியிலும் பிள்ளைகள் தரையிலும் அமர, ஒருவர் மாடியேறி அலைவாங்கியைத் திருப்பியபடி “தெரியுதா?” என்று குரல் கொடுக்க, கூடத்தில் இருப்போர் ஒருசேர விடையிறுத்தனர். ‘ஊரே ஒன்றாகப் பார்த்தது’ என்னும் தொடர் இக்காட்சியிலிருந்தே பிறக்கிறது.

ஆனால் இத்தொடரை ஆய்வாளர் அப்படியே ஏற்றல் ஆகாது. கூடத்தில் அமர்ந்தோர் உளர். சன்னற் கம்பியைப் பற்றிக்கொண்டு வெளியில் நின்றோரும் உளர். சில வீடுகளில் திரைப்படம் காண்பதற்குச் சிறுகாசு வாங்கப்பட்டது. சில வீடுகளின் படியைச் சாதியின் பொருட்டு ஏற இயலாதோர் ஊராட்சிப் பெட்டி வைக்கப்பட்ட பொதுவிடத்தையே நம்பியிருந்தனர். ஞாயிறு மாலைப் படத்தைச் சமையற்கட்டிலிருந்து இடையிடையே வந்து பார்த்துச் சென்ற பெண்களின் நினைவில் கதை துண்டு துண்டாகவே எஞ்சியிருத்தல் இயல்பு. ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய நினைவு, பார்த்தவர் நின்ற இடத்திற்கேற்ப வேறுபடும். நினைவேக்கம் கூடத்தை ஒளியூட்டிச் சன்னலை இருளில் விட்டுவிடும் இயல்பினது. எனவே ‘என்ன பார்த்தீர்கள்?’ என்னும் வினாவுடன் ‘எங்கிருந்து பார்த்தீர்கள்?’ என்னும் வினாவும் கேட்கப்படுதல் இன்றியமையாதது.

மொழியில் எஞ்சியவை

தொலைக்காட்சி நினைவுகள் தனிமனிதர் உள்ளத்தில் மட்டுமன்றிப் பொதுமொழியிலும் தங்கியுள்ளன. ஒளிபரப்பு இடைநின்றபோது திரையில் தோன்றிய ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்னும் அறிவிப்பு, பேச்சு இடைமுறியும் எந்தச் சூழலிலும் நகைச்சுவையாக எடுத்தாளப்படும் தொடராயிற்று. அதனைத் திரையில் காணாத தலைமுறையினரும் இன்று பயன்படுத்துகின்றனர்.

1990-களில் இந்தியிலிருந்து தமிழாக்கி ஒளிபரப்பப்பெற்ற ‘ஜூனூன்’ தொடர் ‘ஜூனூன் தமிழ்’ என்னும் வழக்கையே தந்தது. ‘நாளைக்கு உன் வீட்டுக்கு வருவேன்’ எனும் இயல்பான அமைப்பு, நடிகரின் வாயசைவுக்கு இயைய ‘வருவேன் நான், உன் வீட்டுக்கு, நாளைக்கு’ என்பது போல மாற்றியமைக்கப்பட்டது. பயனிலை இறுதியில் வருவது தமிழ்த் தொடரின் பொதுவியல்பு. எனினும் பேச்சுவழக்கில் விடுபட்டதைப் பயனிலைக்குப் பின் சேர்த்துரைத்தல் உண்டு. எனவே அம்மொழிநடையின் விந்தை, இலக்கணம் இடந்தராத அமைப்பைப் புகுத்தியதால் விளைந்ததன்று. எப்போதேனும் வரும் அமைப்பை எப்போதும் வருவதாக்கியதால் விளைந்தது. அந்நடையைக் கேலி செய்து பேசி மகிழ்ந்த சிறுவர்கள் தம்மை அறியாமலே தமிழ்த் தொடரியலின் எல்லையை உணர்ந்திருந்தனர் எனலாம்.

பிழையும் சான்றாதல்

நினைவு பிழைபடும். அதனைச் சரிபார்க்க உறுதியான காலக்குறிகள் சில உதவும். இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982-இல் தொடங்கியது. இராமானந்த் சாகரின் ‘இராமாயண்’ 1987 சனவரி முதல் 1988 சூலை வரையிலும், பி.ஆர்.சோப்ராவின் ‘மகாபாரத்’ 1988 அக்டோபர் முதல் 1990 சூன் வரையிலும் ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பாயின. சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய பின்னரே தமிழில் அலைவரிசைத் தெரிவு பரவலாயிற்று. இடமும் ஒரு குறியாகும். சென்னை நிலையத்தின் அலை நெடுங்காலம் மாநிலம் முழுவதையும் எட்டவில்லை. கொடைக்கானலில் உயர்திறன் ஒளிபரப்பி அமையும்வரை தென்மாவட்டங்களுக்குச் சென்னை நிகழ்ச்சிகள் எளிதில் கிட்டவில்லை. 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைத் தென்கடற்கரையோரத்தார் உயரமான அலைவாங்கிகள் நட்டுக் கண்டனர். ஆகவே, தூத்துக்குடியில் வளர்ந்தவரின் தொலைக்காட்சிக் குழந்தைமையும் சென்னையில் வளர்ந்தவரின் தொலைக்காட்சிக் குழந்தைமையும் ஒன்றல்ல.

இக்குறிகளைக் கொண்டு பிழையை நீக்குவது முதற்படி. பிழை ஏன் நேர்ந்தது என வினவுவது அடுத்தபடி. எடுத்துக்காட்டாக, ‘அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இராமாயணத்தைத் தமிழில் பார்த்தேன்’ என ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். அன்று ஒளிபரப்பானது இந்தித் தொடர். இதனை மறதி என்று கூறி அமைதல் எளிது. ஆயின் இந்தி அறியாத தமிழ்க் குடும்பங்கள் அத்தொடரை எவ்வாறு விளங்கிக்கொண்டன என்று கருதிப் பார்த்தால், அப்பிழை வேறொரு செய்தியைத் தருகிறது. கதை முன்பே அறியப்பட்டது. கம்பராமாயணச் சொற்பொழிவுகளாலும் தெருக்கூத்தாலும் பாட்டிமார் கதைகளாலும் பழகியது. திரையில் இந்தி ஒலிக்க, அருகில் அமர்ந்திருந்த பாட்டியோ தாத்தாவோ தமிழில் கதை சொன்னார். குழந்தையின் நினைவில் எஞ்சியது அருகிலிருந்த அக்குரலே. எனவே அவர் நினைவு தொடரின் மொழியைப் பொறுத்தவரை பிழை. கேட்ட மொழியைப் பொறுத்தவரை மெய். ஒளிப்பதிவு மட்டுமே கிடைத்திருப்பின் இவ்வுண்மையை நாம் அறிய வழியில்லை.

2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது இவ்விரு தொடர்களும் தூர்தர்சனில் மறு ஒளிபரப்புச் செய்யப்பட்டன. நிகழ்ச்சி மீண்டும் கிடைத்தது. ஆனால் நிறைந்த கூடமும் கதை சொன்ன குரலும் மீளவில்லை. நினைவேக்கத்தின் பொருள் நிகழ்ச்சியன்று, அது நிகழ்ந்த சூழலே என்பதற்கு இம்மறு ஒளிபரப்பும் ஒரு சான்று.

தொகுக்க வேண்டிய தேவை

தொடக்ககாலத் தொலைக்காட்சி உலகெங்கும் தன் பதிவுகளை முழுமையாகக் காத்ததில்லை. நேரலையாக நிகழ்ந்தவை பதிவாகாமலே மறைந்தன. பதிவானவற்றிலும் பல, நாடாவின் விலை கருதி அழிக்கப்பட்டு, அதே நாடாக்கள் மீண்டும் பயன்படுத்தப்பட்டன. 1960-களில் பிபிசி ஒளிபரப்பிய ‘டாக்டர் ஹூ’ தொடரின் பல பகுதிகள் இவ்வாறு அழிந்தன. எனினும் இளம் நேயர்கள் தம் வீடுகளில் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தமையால் அப்பகுதிகளின் ஒலியேனும் இன்று கிடைக்கிறது. நிறுவனம் இழந்ததை நேயர் காத்தனர் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

தமிழ்ச்சூழலில் அத்தகைய வீட்டுப் பதிவுகள் அரிது. நினைவே பெரும்பாலும் எஞ்சியுள்ள மூலம். தமிழ்த்துறைகள் நாட்டார் வழக்காறுகளைக் களப்பணியாற்றித் தொகுத்த பட்டறிவு உடையவை. வாய்மொழி வரலாற்றுக்குரிய அம்முறையினை, நிகழ்ச்சியின் பெயர், பார்த்த ஊர், ஏறத்தாழ ஆண்டு, யார் வீடு, உடனிருந்தோர், அமர்ந்த அல்லது நின்ற இடம், புரிந்த மொழி ஆகிய வினாக்களுடன் தொலைக்காட்சி நினைவுகளுக்கும் விரிக்கலாம். அன்று முதியோராக இருந்து பிள்ளைகளுக்குக் கதை சொன்னோர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். அக்கதையைக் கேட்டோரேனும் இன்று நம்மிடையே உள்ளனர்.

முடிவுரை

குழந்தைமைத் தொலைக்காட்சி நினைவுகள் நிகழ்ச்சிகளின் பட்டியல் அல்ல. காத்திருத்தல், கூடியிருத்தல், விலக்கப்படுதல், மொழிகடந்து விளங்கிக்கொள்ளுதல் ஆகியவற்றின் பதிவுகளாகும். அவற்றில் ஏக்கம் கலந்திருப்பதால் அவை சான்றாகத் தகுதி இழப்பதில்லை. காலம், இடம், பார்த்தவர் நிலை என்னும் மூன்றினால் சோதித்தறிய வேண்டியவை ஆகின்றன. ஆழ்நீரில் மூழ்கிய புறநானூற்றுச் சிறுவன் அடியைத் தொட்டமைக்குச் சான்றாக ஒரு பிடி மணலைக் கரைக்குக் கொண்டுவந்தான். முதியோர் தம் நினைவிலிருந்து அள்ளித் தருவதும் அத்தகைய மணலே. அதனைப் பெற்றுப் பேணுதல் கரையில் நிற்கும் ஆய்வாளரின் கடமையாகும்.