விலை இடைவெளியும் நாணய வியாபாரமும்

உலக நாணயச் சந்தை வாரத்தில் ஐந்து நாட்கள் இரவு பகலாக நடைபெறுவது. வெள்ளிக்கிழமை மாலை நியூயோர்க்கில் ஓய்ந்து, திங்கட்கிழமை காலை நியூசிலாந்தில் மீண்டுந் தொடங்கும். இடைப்பட்ட நாட்களிலும் தேர்தல்களும் அரசாங்க அறிவிப்புகளும் நிகழ்கின்றன. ஆதலால், முடிந்த விலைக்கும் தொடங்கும் விலைக்கும் நடுவே வியாபாரமே நிகழாத வெற்றிடம் ஒன்று சில வேளைகளில் உண்டாகும். இதனையே விலை இடைவெளி என்பர்.

இதைக்கொண்டு இலாபந் தேடும் முறை எளியது. விலை தாழ்ந்து தொடங்கினால் வாங்குவர். உயர்ந்து தொடங்கினால் விற்பர். வெள்ளிக்கிழமை விலைக்கு மீண்டதும் கணக்கை முடித்துக்கொள்வர். வியாபாரிகள் அருகியுள்ள அதிகாலையில் சிறிய கட்டளையும் விலையைப் பெயர்த்துவிடும். பெரிய வங்கிகள் திறந்ததும் அது பழைய நிலைக்குத் திரும்பும் என்பதே இம்முறையின் அடிப்படை.

ஆயின், எல்லா இடைவெளிகளும் ஒரே காரணத்தாற் பிறப்பன அல்ல. 2017 ஏப்ரல் 23ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதித் தேர்தலின் முதற்சுற்று நடைபெற்றது. யூரோவை ஆதரித்த எம்மானுவேல் மக்ரோன் முதலிடம் பெற்றார். வெள்ளியன்று 1.07 டொலரளவில் நின்ற யூரோ, ஏறக்குறைய 1.09 டொலரில் தொடங்கிற்று. அது வீழும் என நம்பி விற்றோர் ஏமாந்தனர். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யூரோ 1.24 டொலரையுங் கடந்தது. அவ்விடைவெளி முற்றாக நிரம்பியது 2020 மார்ச் மாதத்திலேயாம்.

நட்டத்தைத் தடுக்க முன்கூட்டியே இடும் கட்டளையும் வார இறுதியில் முழுக்காவல் ஆகாது. வெற்றிடத்தில் வாங்குவோரும் விற்போரும் இல்லாமையால், அடுத்துக் கிடைக்கும் விலையிலேயே அது நிறைவேறும். ஆகவே, இடைவெளியின் அகலத்தை அளக்குமுன் அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். சந்தையின் சோம்பலாற் பிறந்தது விரைவில் மறையக்கூடும். நாட்டின் நிலைமை மாறியதாற் பிறந்தது மீளுமென எதிர்பார்ப்பது பேதைமை.