ஏழரையை விரட்டிய தாய்மாமன்!

மே மாதத்து முதல் ஞாயிறு. மதியம் ஒன்றரை மணி. கோயமுத்தூரில் ஏதாவது ஒரு நீட் தேர்வு மையத்தின் கேட் முன்னால் போய் நின்று பாருங்கள். கேட்டைச் சாத்தியதும் உள்ளே பிள்ளைகள். வெளியே வேப்பமர நிழலில் அப்பாக்கள். ஒருவர் கையில் மகளின் கொலுசு. இன்னொருவர் சட்டைப்பையில் ஒரு ஜோடி தோடு. மூன்றாமவர் தோளில் துப்பட்டா. கல்யாண வீட்டில்கூட ஆம்பளைங்க இவ்வளவு பொறுப்பாக நகையைக் காத்து நான் பார்த்ததில்லை!

2025 மே மாதம் அந்த மரத்தடியில் நானும் நின்றேன். என் பையில் இருந்தது அக்கா மகளின் ஹேர்பின்னும் கைக்கடிகாரமும். கோபிப் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மஞ்சள், நாலு கறவை மாடு. ‘சிட்டியில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறவன், விவரம் தெரிஞ்சவன்’ என்ற பட்டத்தோடு அந்தக் குடும்பத்துக்குக் கல்வி மந்திரி... அடியேன்தான்!

பக்கத்தில் நின்ற பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

“என்ற தம்பி மகன் அமெரிக்காவுல டாக்டருக்குத்தானுங்க படிக்கறான். ஏதோ கம்பைண்ட் கோர்ஸாம்... ஏழெட்டு வருசமாகுமாமா!”

அவர் சொன்னது சரிதான். அங்கே முதலில் நாலு வருஷம் ஒரு டிகிரி. அப்புறம் எம்கேட் என்று ஒரு பரீட்சை. அதற்கப்புறம்தான் நாலு வருஷ மருத்துவக் கல்லூரி. சில பல்கலைக்கழகங்கள் மட்டும், பள்ளிக்கூடம் முடித்த பிள்ளையையே எடுத்து இரண்டையும் சேர்த்துப் படிக்க வைக்கின்றன. அதற்கு மார்க் மட்டும் போதாது. கட்டுரை எழுத வேண்டும், நேர்காணலுக்குப் போக வேண்டும், ஆஸ்பத்திரியில் என்ன தொண்டு செய்தாய் என்று கேட்பார்கள்.

நம்ம ஊர் எம்.பி.பி.எஸ். பிறவியிலேயே கம்பைண்ட்! ப்ளஸ் டூ முடித்ததும் நேரே உள்ளே. நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். ‘ஏம்ப்பா டாக்டராகணும்?’ என்று ஒருத்தரும் கேட்பதில்லை. 180 கேள்வி, 720 மார்க், மூன்று மணி நேரம். தப்பான விடைக்கு ஒரு மார்க் வெட்டு. அவ்வளவுதான்!

அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் நம்ம விண்ணப்பத்திலும் ஒரு முக்கியமான கேள்வி ஒளிந்திருக்கிறது: ‘ஆறாம் வகுப்பிலிருந்து எந்தெந்தப் பள்ளியில் படித்தீர்கள்?’

நான் கவிழ்ந்தது அங்கேதான்.

பூட்டு மாறிய கதை

டாக்டர் சீட்டு வாசலுக்குத் தமிழ்நாட்டில் எத்தனை தடவை பூட்டு மாற்றியிருக்கிறார்கள் தெரியுமா? 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. ப்ளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300-க்கு கட்-ஆஃப். 2006-ல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். அப்புறம் உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கு. நாமக்கல் வட்டாரத்து ஹாஸ்டல் பள்ளிகள் கொடிகட்டிப் பறந்தது அப்போதுதான். ஊரில் கோழிப்பண்ணையும் அதிகம், ஹாஸ்டலும் அதிகம் என்பதால் ‘பிராய்லர் ஸ்கூல்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2017-லிருந்து நீட். ப்ளஸ் டூ பாஸானால் சரி. சீட்டைத் தீர்மானிப்பது நீட் மார்க்.

அந்த 2017-ல்தான், ப்ளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டத்து அனிதா, சீட்டுக் கிடைக்காமல் உயிரை விட்டார். இந்தப் பரீட்சையைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுதினாலும், அந்தப் பெயர் வரும்போது பேனா நின்றுவிடுகிறது.

இன்னொரு பக்கம், கல்லூரிகள் நம்ம வீட்டுப் பக்கமே வந்துவிட்டன. 1966-ல் கோவை மருத்துவக் கல்லூரி. 1985-ல் பி.எஸ்.ஜி., 1986-ல் சேலம், 1992-ல் பெருந்துறை, 2019-ல் கரூர். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசுக் கல்லூரிகளில் திருப்பூர், நாமக்கல், ஊட்டி மூன்றும் நம்ம வட்டாரம். டவுன் பஸ் தூரத்தில் கல்லூரி இருக்கிறது. சாவிதான் நம்மிடம் இல்லை.

சாவி இல்லாத பிள்ளைகளுக்காக 2020-ல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு. நீட் எழுதத்தான் வேண்டும். ஆனால் போட்டி அவர்களுக்குள்ளேயே. அந்த முதல் வருஷமே 300-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசாங்கமே கட்டிவிடுகிறது.

“ஏழரை இருக்குதுங் சார்!”

2023. அக்கா மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்து நல்ல மார்க் வாங்கியிருந்தாள். மந்திரி உடனே களத்தில் இறங்கினார். ‘ப்ளஸ் ஒன்னுக்குப் பிரைவேட் ஸ்கூல். அங்கேயே நீட் கோச்சிங். இங்கிலீஷ் மீடியம். பஸ் வீட்டு வாசலுக்கே வரும்’ என்றெல்லாம் அளந்தேன். மச்சான் மறுபேச்சுப் பேசாமல் ஒரு மாட்டை விற்றார்.

டி.சி. வாங்கப் போனபோது, தலைமை ஆசிரியை கையெழுத்துப் போடாமல் என்னைப் பார்த்தார்.

“ஒரு வார்த்தை யோசிச்சுக்கங்க சார். பன்னெண்டு வரைக்கும் இங்கயே இருந்தா பொண்ணுக்கு ஏழரை இருக்குதுங்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “ஏழரை எங்க ஜாதகத்துலயே இருக்குதுங்க டீச்சர்... ஸ்கூல்ல வேறயா?” என்றேன். மச்சான் சிரித்தார். பியூன் சிரித்தார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

எனக்கு 7.5 தெரியாமல் இல்லை. பத்து வரைக்கும் அரசுப் பள்ளியில்தானே படித்தாள், போதாதா என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். போதாது சார்! ஆறு முதல் பன்னிரண்டு வரை, ஏழு வருஷமும் அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும்.

2025-ல் ரிசல்ட் வந்தது. அந்த வருஷம் இயற்பியல் பிள்ளைகளை அழவைத்த பேப்பர். அவள் எடுத்த மார்க், பொதுப் பட்டியலில் வாசலுக்கு வெளியே. கூடவே பத்தாவது வரை படித்த சிநேகிதி, அதே அரசுப் பள்ளியில் இருந்தவள், இவளைவிடப் பதினொரு மார்க் குறைவு. 7.5-ல் அவளுக்கு அரசுக் கல்லூரி!

அன்றைக்கு நான் ஆபீஸுக்கு லீவு போட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘வயிற்றுவலி’ என்று எழுதினேன். பொய்யில்லை.

மாமன்மார் கவனத்துக்கு

தம்பிக்கோ, தங்கைக்கோ, அக்கா மகளுக்கோ விண்ணப்பம் போடப்போகும் சக மந்திரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டி.சி. வாங்கும் முன் 7.5 கணக்கைப் பாருங்கள். மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிதான். அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. ஆர்.டி.இ. சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு உண்டு.

நீட் எழுதிவிட்டால் சீட்டு தானாக வீட்டுக்கு வராது. நீட் தருவது மார்க் மட்டும்தான். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவிகிதம் அகில இந்திய ஒதுக்கீடு. அதற்கு டெல்லிக்காரர்களின் எம்.சி.சி.யில் தனியாகப் பதிய வேண்டும். மிச்சம் 85-க்குத் தமிழ்நாட்டுத் தேர்வுக் குழுவிடம் தனி விண்ணப்பம். இரண்டையும் போடுங்கள்.

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ்... எல்லாவற்றையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருந்தால் இப்போதே சரி செய்யுங்கள். கடைசி நாளில் சர்வர் நம்ம டவுன் பஸ் மாதிரி. வரும்... ஆனால் நிற்காது!

கல்லூரி வரிசையைப் பிள்ளைக்குப் பிடித்த மாதிரி போடுங்கள். ‘இது கிடைக்காது’ என்று நீங்களாக அடிக்காதீர்கள்.

முக்கியமாக, ஒரே வாசலில் நிற்காதீர்கள். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவத்துக்கு நீட் வேண்டாம். ப்ளஸ் டூ மார்க் போதும். வேளாண்மைக்கும் அப்படியே. நீட் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் தேதி போய்விடும்.

கடைசி விஷயத்தை எனக்குச் சொல்லித் தந்ததே அக்கா மகள்தான். வயிற்றுவலி லீவில் அவள் வீட்டுத் திண்ணையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

“மாமா, எதுக்கு இப்ப இப்பிடி உக்காந்திருக்கறீங்க? நானுந்தான் சரின்னு சொல்லிட்டுப் போனேன். இதப் பாருங்க” என்று போனை நீட்டினாள். கால்நடை மருத்துவத்துக்கு, யாரிடமும் சொல்லாமல், இ-சேவை மையத்துக்குப் போய் அவளே விண்ணப்பித்திருந்தாள்!

“எனக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது மாமா. மாட்டுச் சாலைன்னா பழக்கம். இதை நீங்க ஒரு நாளும் கேக்கவே இல்லியே?”

கேட்கவில்லை. அமெரிக்காவில் நேர்காணல் வைத்துக் கேட்கிற கேள்வியை, ஒரே திண்ணையில் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தும் நான் கேட்கவில்லை.

இப்போது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். அதுவும் அஞ்சரை வருஷம்தான். லீவுக்கு வந்தால் மச்சான் அவள் சாப்பிடும்வரைகூடப் பொறுப்பதில்லை. “அம்முணி, அந்தச் செவலையைக் கொஞ்சம் பாரு சாமி, ரெண்டு நாளாத் தண்ணி காட்டுனா குடிக்க மாட்டேங்குது” என்று சாலைக்குக் கூட்டிப் போய்விடுகிறார்.

அவளுடைய தம்பி இப்போது அரசுப் பள்ளியில் எட்டாவது. போன வாரம் உறவுக்காரர் ஒருவர் ஒரு பிரைவேட் ஸ்கூல் நோட்டீஸோடு வந்து, “இங்க மாத்தீரலாமுங்களா மாப்ள?” என்று என் முகத்தைப் பார்த்தார்.

“அவன் என்ன சொல்றான்னு கேக்கலாமுங்க. அதுவரைக்கும்... ஏழரை எங்க ஊட்டுலயே இருக்கட்டுமுங்க!” என்றேன்.