வயதறிந்து படிக்க வேண்டிய படம்

அடிவயிற்றை ஸ்கேன் செய்து வரும்படி மருத்துவர் ஒரு பெண்ணுக்கு எழுதிக் கொடுத்ததும், நம் இல்லங்களில் அச்சம் குடிபுகுந்து விடுகிறது. முடிவுத் தாளில் 'நீர்க்கட்டி' என்ற சொல்லும் இருந்துவிட்டால் கலக்கம் இரட்டிப்பாகிறது. ஆனால் அப்படத்தை அவளது வயதோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு பருவத்தில் இயல்பாயிருப்பது மற்றொரு பருவத்தில் நோயின் அறிகுறியாகலாம்.

இக்கருவியில் எக்ஸ்ரே கதிர்கள் இல்லை. செவிக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் செலுத்தி, அதன் எதிரொலியைப் படமாக்குகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்ட், உலோகத்தில் குறை காண உதவிய கருவியைக் கொண்டு 1955-இல் இவ்வாய்வைத் தொடங்கினார். தீராத வயிற்றுப் புற்றுநோய் எனக் கருதப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சூலகக் கட்டியே என்பதை அவ்வொலி காட்டிற்று. கட்டியை அகற்றினர், அவர் நலம் பெற்றார். 1958-இல் இவ்வாய்வு 'லான்செட்' இதழில் வெளியாயிற்று.

பிறந்த பெண்குழந்தையின் கருப்பை, தாயிடமிருந்து பெற்ற ஹார்மோன்களால் சற்றுப் பருத்து, ஏறக்குறைய 3.5 செ.மீ. நீளமிருக்கும். பின்னர் அது சுருங்கிப் பூப்புப் பருவம் நெருங்கும்வரை சிறிதாகவே இருக்கும். ஆகவே 6 வயதுச் சிறுமியின் கருப்பை சிறியது என்று கண்டு கலங்க வேண்டியதில்லை. பூப்பையொட்டி அதன் மேற்பகுதி வளர்ந்து பேரிக்காய் வடிவம் பெறுகிறது.

14, 15 வயதாகியும் பூப்பெய்தாத சிறுமிக்கு மாதந்தோறும் அடிவயிற்றில் வலி வந்து போகுமாயின், அதைப் பிறரறியாமல் மறைத்தல் தவறு. பிறவியிலேயே வழி அடைபட்டு, உதிரம் உள்ளே தேங்கியிருக்கலாம். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனே அதைக் காட்டிவிடும். பெரும்பாலும் சிறிய அறுவையே போதும்.

பிள்ளைப்பேற்றுக்குரிய ஆண்டுகளில் படம் மாதத்திற்குள்ளேயே மாறுகிறது. சூலகத்தில் நீர் நிறைந்த சிறு பை ஒன்று 2 செ.மீ. அளவுக்கு வளர்ந்து, வெடித்து, கருமுட்டையை வெளியிடுகிறது. ஆகவே 3 செ.மீ.க்கு உட்பட்ட தெளிந்த நீர்ப்பை, இவ்வயதில் பெரும்பாலும் இயற்கையின் செயலே. கருப்பையின் உட்படலமும் மாதவிலக்கு முடிந்ததும் மெல்லியதாயிருந்து, அடுத்த விலக்குக்குமுன் 10 மி.மீ.க்கு மேலும் தடிக்கலாம். கடைசி விலக்கின் தேதியை மருத்துவர் கேட்பது இதனாலேயே.

கருவுற்ற தாய்க்கு இக்கருவி குழந்தையின் வளர்ச்சியையும் இதயத்துடிப்பையும் காட்டுகிறது. ஆணா பெண்ணா என்று வெளியிடுவதை நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நாமும் அதைக் கேட்டல் ஆகாது.

மாதவிலக்கு நின்றபின் கருப்பை சுருங்குகிறது, உட்படலமும் மெலிகிறது. விலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் சிறிதளவு உதிரம் கண்டாலும் மருத்துவரிடம் சென்றேயாக வேண்டும். உட்படலம் 4 மி.மீ.க்கு மேற்படாதிருந்தால் பெரும்பாலும் ஆறுதல் கொள்ளலாம். மேற்பட்டால் சிறு துணுக்கெடுத்துச் சோதிப்பர். 25 வயதில் இயல்பான 10 மி.மீ., உதிரம் காணும் 60 வயதில் எச்சரிக்கையாகிறது! இவ்வுதிரப்போக்கு பலருக்குப் புற்றுநோயால் வருவதன்று. அந்நோயாகவே இருப்பினும், தொடக்கத்தில் கண்டால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. 'இந்த வயதில் இதை யாரிடம் சொல்வது?' என்று நாணி மாதங்களைக் கடத்துவதே ஆபத்து.

வயிற்றின் மேல் ஸ்கேன் எடுக்குமுன் நீர் அருந்தச் சொல்வர். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கி, ஒலிக்கு வழிவிடுகிறது. உட்செலுத்தி எடுக்கும் முறையும் உண்டு; விருப்பமில்லையெனில் மறுக்கலாம். பெண் மருத்துவர் வேண்டுமெனவும் கேட்கலாம்.

முடிவுத் தாளை அயலாரிடம் காட்டிக் கலங்காமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கொண்டு செல்வோம். வயதையும் தேதியையும் மறைக்காமல் சொல்வோம். நம் வீட்டுச் சிறுமியும் பாட்டியும் தம் உடல்நோவை அஞ்சாமல் வாய்திறந்து சொல்லத்தக்க இல்லமாக நம் இல்லம் இருக்கட்டும்.