நடுகல் மரபும் பெற்றோர் சிலையும்

போரில் வீழ்ந்தார்க்குக் கல் நடுதல் தமிழரது தொன்மையான வழக்கம். அக்கல் யார்பொருட்டு நடப்படுகின்றது என்று வினவின், வீழ்ந்தவன் பொருட்டே என்பது உடனே தோன்றும் விடையாகும். ஆயினும் வீழ்ந்தவன் அக்கல்லைக் காண்பதில்லை. அவனை ஈன்றாரும் மணந்தாளும் ஊராருமே காண்கின்றனர். அங்ஙனமாயின், எஞ்சிய குடும்பத்தின் துயருக்கு அக்கல்லில் இடம் உண்டா? இவ்வினாவை நம் நடுகல் மரபோடும், செருமானியச் சிற்பி கேத்தே கோல்விட்சு படைத்த சிலைகளோடும் வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் புறத்திணையியலில் கல் நடும் முறையை ஆறு துறைகளாக வகுக்கின்றார். தக்க கல்லைத் தேர்ந்து காண்டல் காட்சி, அதனைக் கொள்ளத் தொடங்குதல் கால்கோள், நீராட்டுதல் நீர்ப்படை, உரிய இடத்தில் நிறுத்தல் நடுதல், பெருஞ்சிறப்புச் செய்து படைத்தல் பெரும்படை, அதனைப் போற்றுதல் வாழ்த்தல். நினைவுச் சிலை எடுப்பார் இன்று மேற்கொள்ளும் பணிகளான இடம் தேர்தல், பொருள் தேர்தல், திறப்பு விழா ஆகியவற்றின் முன்வடிவினை இவ்வாறனுள் காணலாம். இவை ஆறும் கல்லையும் வீரனையும் பற்றியன. வீரனது மனையோர் இவற்றுள் வெளிப்படையாகப் பேசப்படவில்லை.

கிடைத்துள்ள நடுகற்களும் இதற்கு ஒத்தே அமைகின்றன. செங்கம் பகுதியில் உள்ள பல்லவர் காலக் கற்களில் மன்னனது ஆட்சியாண்டு, தலைவன் பெயர், ஊர், ஆநிரை பற்றி நிகழ்ந்த பூசல், வீழ்ந்தான் பெயர் என்பன பொறிக்கப்பெற்றுள்ளன. எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவகத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாயும் வடிக்கப்பட்டுள்ளது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல் அந்நாயின் பெயரைக் கோவிவன் என்று கூறி, அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் குறிக்கின்றது. நாய்க்கும் உருவும் பெயரும் நல்கிய அக்கல்லில் ஈன்ற தாய்க்கு இடமில்லை. இதனால் குடும்பம் மறக்கப்பட்டது எனக் கொள்ளற்க. வீழ்ந்தான் குடும்பத்திற்கு நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்னும் பெயர்களால் நிலம் வழங்கப்பட்டதைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. நெய்த்தோர், உதிரம் இரண்டும் குருதியைக் குறிக்கும் சொற்கள். வீரனுக்குக் கல்லும் மனையோர்க்கு நிலமும் என ஈர்வகைக் கடன் ஆற்றப்பட்டது.

இனி, தாயின் உள்ளத்தைக் கல் விடுத்த இடத்தில் பாட்டு எடுத்துக்கொண்டது. ஒக்கூர் மாசாத்தியாரின் புறப்பாட்டில் (279) போரில் தன் உறவினரை இழந்த ஒருத்தி, மறுநாளும் பறையொலி கேட்டு, ஒரே மகனுக்குத் தலைவாரி வேல் தந்து விடுக்கின்றாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாட்டில் (278) மகனது சிதைந்த உடலைக் களத்தில் கண்ட முதியவள், அவனைப் பெற்ற நாளினும் பெரிதும் மகிழ்கின்றாள். இவற்றை வீரத்தாயின் பெருமிதம் என்று மட்டும் சொல்லி அமைதல் நம்மிடையே வழக்கம். எனினும் பின்னைய பாட்டின் துறைப்பெயரை நோக்குதல் வேண்டும். அதற்கு உவகைக் கலுழ்ச்சி என்று துறை வகுத்தனர். கலுழ்ச்சியாவது அழுகை. தாயின் உவகையுள் அழுகை உறைந்திருத்தலைத் துறை வகுத்தார் உணர்ந்திருந்தனர் என்பது இதனால் பெறப்படும். ஆயினும் பாட்டு அக்கணத்தோடு நிற்கின்றது. அதன்பின் அவள் வாழ்ந்த ஆண்டுகளை அது கூறவில்லை.

அவ்வாண்டுகளைக் கல்லில் வடித்தவர் கோல்விட்சு. 1867இல் பிறந்த இவர் வறியோர் துயரை வரைந்து புகழ்பெற்றவர். 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது இவருடைய இளைய மகன் பீட்டர் தன் 18ஆம் வயதில் தானே விரும்பிப் படையிற் சேர முனைந்தான். வயது நிரம்பாமையால் தந்தையின் இசைவு தேவைப்பட்டது. மருத்துவரான தந்தை கார்ல் மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசிக் கணவரை இசைவித்தவர் தாயே. அவ்வாண்டு அக்டோபரில், போர்முனை சென்ற சில நாட்களிலேயே, பெல்சியத்தில் பீட்டர் வீழ்ந்தான். மாசாத்தியார் பாடிய தாயின் செயலை இருபதாம் நூற்றாண்டில் ஒருத்தி செய்தாள்; பின்னர் அச்செயலோடு முப்பதாண்டு வாழ்ந்தாள்.

ஆண்டின் இறுதியிலேயே மகனுக்கு நினைவுச் சிலை எடுக்க அவர் எண்ணினார். முதற்கண் வகுத்த வடிவில் வீழ்ந்த மகனது உருவே நடுவில் இருந்தது. பெற்றோர் அவன் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அமைவதாக இருந்தது. 1919இல் அதனைக் கைவிட்டார். பின்னர் மீண்டும் தொடங்கி 1932இல் முடித்தபோது மகனது உருவம் நீங்கியது. மண்டியிட்ட தந்தையும் தாயும் மட்டுமே கருங்கல்லில் எஞ்சினர். தந்தை நிமிர்ந்து, கைகளால் தன்னைத்தானே இறுகப் பற்றியிருக்கின்றார். தாய் தலைகுனிந்து வளைந்திருக்கின்றாள். இருவர் முகமும் கோல்விட்சு தம்பதியருடையவே. ரோகவெல்டே இடுகாட்டில் நிறுவப்பட்ட இச்சிலைகள், 1950களில் கல்லறைகள் ஒருங்கு சேர்க்கப்பட்டபோது விளாட்சுலோ இடுகாட்டிற்கு மாற்றப்பட்டன. அங்கே 25,000க்கும் மேற்பட்ட செருமானிய வீரர் துயில்கின்றனர். பீட்டரின் பெயர் பொறித்த பலகையும் சிலைகளின் முன்னே கிடக்கின்றது. நடுகல்லில் வீரன் நிற்க, மனையோர் மறைந்தனர். இங்கே மனையோர் நிற்க, வீரன் மண்ணுள் மறைந்தான்.

தாயே எடுத்த சிலை இது. அரசு எடுப்பின் யாதாம் என்பதற்குப் பெர்லின் நகரத்துப் பழைய காவல்மனை சான்றாகும். 1818இல் சிங்கெல் கட்டிமுடித்த அம்மனை 1931இல் தெசெனோவின் திட்டப்படி முதற்போரில் வீழ்ந்தார்க்கு நினைவிடமாயிற்று. பின்னர்க் கிழக்குச் செருமானிய அரசு அதனைப் பாசிசக் கொடுமைக்கு இரையானார்க்கு உரித்தாக்கியது. நாடு ஒன்றான பின், 1993இல், போருக்கும் கொடுங்கோலுக்கும் இரையானார் அனைவர்க்கும் நினைவிடமாக அது மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே வைக்கப்பட்டது, இறந்த மகனை மடியில் ஏந்திய தாயாகக் கோல்விட்சு 1937இல் தொடங்கிச் செய்த சிறு சிலையின் பெருவடிவம். சிற்பி மறைந்து ஏறத்தாழ அரைநூற்றாண்டு கழிந்தபின் ஆரால்டு ஆக்கே என்பார் அதனைப் பெரிதாக்கினார்.

இதற்கு எழுந்த மறுப்புக்கள் ஆராயத்தக்கன. மகனை மடியில் ஏந்திய தாய் கிறித்தவச் சமய மரபின் வடிவமாதலின் கொலையுண்ட யூதர்க்குப் பொருந்தாது என்றனர் சிலர். வரலாற்றறிஞர் கோசெல்லெக்கும் எதிர்த்தார். மகனுக்காக அழும் தாய் உயிரோடு எஞ்சியவள். தாயரும் மக்களும் ஒருங்கே கொல்லப்பட்ட குடும்பங்களில் அழுவார் எவரும் எஞ்சவில்லை. கொன்றாரும் கொல்லப்பட்டாரும் இரையானார் என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிடுவர் என்னும் அச்சமும் எழுந்தது. முடிவில், இன்னார் இன்னார் எனத் தொகுதி தொகுதியாகப் பெயர் சுட்டும் பலகை ஒன்று வாயிலருகே சேர்க்கப்பட்டது.

ஈண்டு நடுகல் மரபின் நுட்பம் விளங்கும். பெயர், ஊர், பூசலின் காரணம் என்னும் மூன்றையும் அது தவறாது உரைத்தது. விளாட்சுலோவிலும் மகன் பெயரும் அவன் கிடக்கும் இடமும் சிலையோடு பொருந்தின. பெர்லினில் இவ்விரண்டும் நீங்கவே, துயரம் பொதுவாயிற்று. பொதுவாகவே, அது யாருடைய துயரம் என்னும் பூசல் எழுந்தது. கல்லில் விடுபட்ட பெயரைப் பலகையில் தேட நேர்ந்தது.

எனவே, போர்க்காலக் குடும்பங்களுக்குச் சிலை எடுப்பார் கருதத்தக்கன மூன்று. துயர் யாருடையது என்பது பெயரால் விளங்க வேண்டும். சிலை நிற்கும் இடம் அத்துயரோடு உறவுடையதாக வேண்டும். கல்லோடு அமையாது, எஞ்சியோர் வாழ்வுக்கும் வழி செய்தல் வேண்டும். மூன்றாவதனை உதிரப்பட்டி நல்கிய நம் முன்னோர் அறிந்திருந்தனர். தாயின் நெடுந்துயரைக் கல்லில் காட்டும் பணியை அவர் செய்திலர். அவர் உவகைக் கலுழ்ச்சி என்று ஒரு துறைப்பெயருள் பொதிந்து வைத்ததனை, அம்மரபை அறியாத ஒரு தாய் பதினெட்டாண்டு உழைத்துக் கல்லாக்கினாள். அவள் கல்லில் உவகை இல்லை. கலுழ்ச்சி மட்டுமே நின்றது.