மகரந்த ஒவ்வாமையை முன்னறிதல்

வசந்த காலத்தில் ரோஜாவை முகரும்போது அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீக்கு 'ஸுகாம்' எனும் மூக்கு நீர்ப்பெருக்கு ஏற்படுவது ஏன் என்பதை விளக்கவே, மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ தனியொரு சுவடி எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது அது. பருவந்தோறும் வரும் இத்தகைய தும்மலுக்குக் காற்றில் பறந்துவரும் புல் மகரந்தம் காரணமாவதை இங்கிலாந்து மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, தம்மீதே சோதனை செய்து, 1873இல் நிறுவினார்.

நோய் தோன்றுமுன்பே குழந்தையிடம் அதன் அறிகுறியைக் காண இயலுமா என்பது நம் காலத்தின் வினா. ஜெர்மனியில் 1990இல் பிறந்த 1,314 குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு இதற்கு விடை தந்தது. அந்நாட்டில் மிகுந்துள்ள திமோதிப் புல்லின் மகரந்தத்தில் பல புரதங்கள் உள்ளன. குழந்தையின் உடல் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றையே முதலில் பகையாகக் கருதி, 'ஐ.ஜி.இ.' எனும் எதிர்ப்பொருளைக் குருதியில் உண்டாக்குகிறது. பின்னர் அப்பகை ஏனைய புரதங்களுக்கும் படிப்படியாக விரிகிறது. தும்மல் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இது நிகழக்கூடும்.

2012இல் வெளியான முடிவுகளின்படி, மூன்று வயதில் இவ்வெதிர்ப்பொருள் காணப்பட்டோருள் 68 விழுக்காட்டினர் பன்னிரண்டு வயதுக்குள் நோயுற்றனர். காணப்படாதோருள் 84 விழுக்காட்டினர் நோயுறவில்லை. முன்னவருள் ஏறத்தாழ மூன்றிலொருவர் தப்பினர் என்பதையும் நாம் மறத்தலாகாது. குருதியில் எதிர்ப்பொருள் இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. கணிப்பு ஒருபோதும் விதியாகாது.

இக்கணக்கை அப்படியே நம் தூத்துக்குடிக் கரைக்குப் பொருத்துவதும் முறையன்று. திமோதி குளிர்நாட்டுப் புல். நம்மிடம் மிகுந்திருப்பது அருகு. இரண்டிலும் முதல் தொகுதிப் புரதம் உண்டு. ஆனால் திமோதியின் முக்கியமான ஐந்தாம் தொகுதிப் புரதம் அருகில் இல்லை. சீமைக்கருவேல மகரந்தமும் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியும் நம் நாட்டில் ஒவ்வாமை விளைவிப்பவை. ஆதலால் நம் மண்ணுக்குரிய கணக்கை, நம் குழந்தைகளைப் பிறப்பு முதல் பின்தொடர்ந்தே பெறல் வேண்டும்.

அதுவரை பெற்றோர் செய்யத்தக்கவை இரண்டு. காய்ச்சலின்றித் தும்மலும் கண் அரிப்பும் மீண்டும் மீண்டும் வருமாயின், வெறும் சளி என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டுதல் ஒன்று. கவனியாது விட்ட மூக்கு ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு வழிகோலக்கூடும். நலமாயுள்ள குழந்தையைச் சோதனைத் தாள் ஒன்றைக் கொண்டு நோயாளி என முத்திரையிடாதிருத்தல் மற்றொன்று.