நாலந்தாவின் கற்களும் மாத்தளைப் பாதையும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ-9 வீதியில் சுமார் 25 கி.மீ. தாண்டியதும், நாவுலவுக்கு முன்னால் வலப்பக்கமாக ஒரு சிறுபாதை பிரிகிறது. அதில் ஒரு கி.மீ. நடந்தால் தண்ணீர் தெரியும். மலைகள் சூழ்ந்த நீர்த்தேக்கம். அதன் ஓரத்தில் உயர்த்திக் கட்டிய மண்மேட்டின் மேல், கருங்கல்லால் ஆன சிறிய கட்டடமொன்று தனியே நிற்கிறது. நாலந்தா கெடிகே.

பீகாரில் இருந்த பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இந்த ஊருக்கும். இலங்கைத் தீவின் நட்டநடுப் புள்ளி இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று சொல்வார்கள். கூரையும் கண்ணாடிப் பெட்டியும் உள்ள நூதனசாலையைப் பார்த்துப் பழகியவருக்கு இது வெறும் பழைய கட்டடமாகத் தோன்றலாம். எனக்கு இது மாத்தளை மாவட்டத்தின் மிகச் சிறந்த நூதனசாலை. இங்கே இருப்பது ஒரே ஒரு காட்சிப்பொருள். அதற்குள்தான் நாமும் நுழைந்து நடக்கிறோம்.

தமிழ்க் கண்ணுக்கு இது உடனே கோயிலாகத்தான் தெரியும். முன்னால் மண்டபம், இடையில் ஒடுங்கிய வழி, உள்ளே கருவறை. மேலே விமானத்தில் குதிரைலாட வடிவக் கூடுகள். மாமல்லபுரத்துக்குப் போய் வந்தவர்கள் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். ஆனால் உள்ளே லிங்கமும் இல்லை, அம்மனும் இல்லை. கி.பி. 8-ஆம் நூற்றாண்டுக்கும் 10-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்த பௌத்தச் சிலைமனை என்பது தொல்லியலாளர் பலரின் முடிவு. தெற்குப் பக்கத்தில் மேலே அமர்ந்திருப்பவர் குபேரன். அடிப்பகுதியில் உள்ள சிற்பமொன்றை வைத்துத் தாந்திரிக பௌத்தத்தின் சுவட்டையும் பேசுகிறார்கள். கட்டிய கை தென்னிந்தியப் பாணியை நன்றாக அறிந்த கை. வணங்கிய மனம் பௌத்த மனம். இரண்டும் சண்டையின்றி ஒரே கல்லில் கூடியிருக்கின்றன. இந்தத் தீவின் வரலாற்றைப் படிக்கும் பிள்ளைகளை ஒருமுறையேனும் இங்கே கூட்டிவர வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

தண்ணீருக்கு வழிவிட்ட கட்டடம்

கெடிகே இன்று நிற்கும் இடம் அது பிறந்த இடமல்ல. மகாவலித் திட்டம் வந்தபோது பழைய இடம் நீர்த்தேக்கத்துக்குள் போக வேண்டியிருந்தது. மகாவலியின் தண்ணீர் பொல்கொல்லையில் மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்த 8 கி.மீ. சுரங்கம் வழியாக உக்குவலை மின்நிலையத்துக்கு வருகிறது. அங்கிருந்து சுது கங்கையில் விழுந்து போவத்தென்னையில் தேங்குகிறது. அதன் ஒரு பங்கு இன்னொரு சுரங்கத்தின் வழியே கலா ஓயாப் பக்கம் போகிறது. மறுபங்கு அம்பன் கங்கையோடு கிழக்கே இறங்குகிறது. உலர்வலயத்தில் விளையும் நெல்லுக்கு மாத்தளை மலைகளைத் துளைத்து வரும் இந்தத் தண்ணீரும் ஒரு காரணம்.

அந்தத் தண்ணீருக்காக 1975-இல் கெடிகேயைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். மேட்டுக்கு எடுத்துவந்து 1980-இல் மீண்டும் எழுப்பி முடித்தார்கள். ஐந்து ஆண்டுகள். எந்தக் கல் எந்த வரிசையில் இருந்தது, எந்த முகம் எந்தத் திசையைப் பார்த்தது என்று ஒவ்வொன்றையும் குறித்துவைக்காமல் இப்படியொரு கட்டடத்தைத் திரும்பக் கட்ட முடியாது. உடைந்த கல்லும் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பொறுமைக்கு முன்னால் கைகூப்பத் தோன்றுகிறது. காக்க வேண்டும் என்று ஒரு நாடு முடிவெடுத்துவிட்டால், ஆயிரம் ஆண்டுக் கல்லையும் மலைமேல் ஏற்றலாம்.

வீதியில் போனவர்கள்

திரும்பி ஏ-9 வீதிக்கு வந்து பஸ்ஸுக்காக நின்றபோது எனக்குள் வேறொரு கணக்கு ஓடியது. தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் இந்த வழி இரண்டு ஊர்வலங்களைப் பார்த்திருக்கிறது.

ஒன்று 1848 ஜூலை மாதத்தில். தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டிய கிளர்ச்சியாளர்கள் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக மாத்தளை நோக்கி வந்தார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு அதே ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கிளர்ச்சியாளர்களுக்கு மாத்தளை நகரில் நினைவுத்தூண் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் பெயர் இருக்கிறது. அது அவர்களுக்குரியது.

மற்ற ஊர்வலத்துக்கு முரசும் கொடியும் இருக்கவில்லை. கோப்பித் தோட்ட வேலைக்காக, ஆள்கட்டும் கங்காணியின் பின்னால், கண்டிச் சீமை என்ற பெயரை மட்டும் தெரிந்துகொண்டு நடந்தவர்கள் அவர்கள். தமிழகத்தின் கிராமங்களிலிருந்து கடற்கரைக்கு வந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று நடந்து மாத்தளையில் மூச்சு விட்டவர்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். மாத்தளைக்கு ரயில் வந்தது 1880-இல். அதற்குள் கோப்பியையே இலைநோய் தின்னத் தொடங்கியிருந்தது.

உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மாத்தளையில் ஒரு மரத்தடியில் மாரியம்மனைக் கும்பிட்டார்கள். அந்த வழிபாட்டிலிருந்து வளர்ந்ததுதான் 1874-இல் கோயிலாக எழுந்த முத்துமாரியம்மன் ஆலயம். மாசி மகத்தில் அங்கே ஐந்து தேர்கள் ஓடும்போது, மலையகத்தின் முதல் நினைவுச்சின்னம் அந்த மரத்தடிதான் என்று எனக்குத் தோன்றும்.

2023 ஜூலை 28-இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட மலையக மக்களின் நடைபயணம், 252 கி.மீ. கடந்து ஆகஸ்ட் 12-இல் மாத்தளையில் முடிந்தது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதைக் குறித்த ‘மலையகம் 200’-ஐ ஒட்டி, முன்னோர் நடந்த வழியைக் கால்களால் திரும்ப எழுதினார்கள் பிள்ளைகள். அந்தப் பதினாறு நாட்களும் அந்தப் பாதையே ஒரு நூதனசாலையாக இருந்தது.

எண் போட்ட தகரம்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களுக்கு வந்தவர்களின் கழுத்தில் தகரத் துண்டு தொங்கியது. அதில் அவர்கள் சேர வேண்டிய தோட்டத்தின் எண் பொறித்திருந்தது. கெடிகேயின் கற்களை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். ஒரு கல் சரியான இடத்தில் போய் உட்கார வேண்டும் என்பதற்காக அதற்குக் குறியிட்டால் அது அக்கறை. ஒரு மனிதன் வழிமாறி வேறு துரையிடம் போய்விடக் கூடாது என்பதற்காக அவன் கழுத்தில் எண்ணைக் கட்டினால் அது வேறு. அந்தக் கல்லுக்குக் கிடைத்த அக்கறை இந்த மனிதனுக்கு இனியாவது கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

தொடக்கம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்கான நூதனசாலையொன்றை 2007-இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் கம்பளைப் பக்கம் திறந்தது. அதற்கு முன்பே சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு நூதனசாலையை அவர் தனியாளாகக் கட்டினார். மக்கள் நடந்து வந்து சேர்ந்த இடம் மாத்தளை. ஆகவே அந்தப் பாதையின் கதையைச் சொல்லும் வீடொன்று இங்கேயும் வேண்டும். பெரிய மாளிகை தேவையில்லை. ஒரு லயன் காம்பரா போதும். சுவரில் மன்னார் முதல் மாத்தளை வரையான வழியின் படம். கீழே கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, கம்பளி, பேர்ச்சிட்டு, செக்ரோல் புத்தகம். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்பின் ஒலியைப் பிள்ளைகள் கேட்க ஒரு தப்பு.

இவையெல்லாம் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. தகரப் பெட்டிகளின் அடியில், மடித்து மடித்துக் கிழிந்த பிறப்புப் பத்திரங்களோடும் பிரஜாவுரிமைக் கடிதங்களோடும் கிடக்கின்றன. லயத்தை இடித்துப் புதுவீடு கட்டும்போது பழசு என்று வெளியே எறியப்படுகின்றன. மழை நனைத்தால் காகிதம் ஒரு நாளைக்குத் தாங்காது.

கெடிகேயைச் சூழ வந்த தண்ணீரை எல்லோரும் பார்த்தார்கள். அதனால்தான் கற்களைத் தூக்க நேரம் கிடைத்தது. நம் வீட்டுப் பெட்டிகளுக்குள் ஏறும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த வாரம் ஒருநாள் அப்பாயியோடு உட்கார்ந்து பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு காகிதத்தையும் படமெடுங்கள். அதில் இருக்கும் பெயர் யாருடையது, அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் இருந்தார் என்று கேட்டுப் பின்பக்கத்தில் எழுதுங்கள். எந்தக் கல் எங்கே இருந்தது என்று குறித்துவைத்தால்தானே திரும்பக் கட்ட முடியும்?